“நரம்பு இழுக்குது” என்று மாணவர் சொன்னால்

போன மாதம் காரைக்குடியில் புதிதாகத் தொடங்கிய ஒரு யோகா வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் இருந்த ஒருவர், “கால்ல நரம்பு இழுக்குது டீச்சர்” என்றார். “நல்லதுதான் அண்ணே, இழுக்கட்டும்” என்றார் ஆசிரியை. எனக்குப் பகீரென்றது. பத்து வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே பதில்.

சாப்பிட்டவுடன் ஆசனம் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன். புதிதாக யோகா சொல்லித்தர வந்த உங்களுக்கு, நாம் தெரியாமல் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தசையா, நரம்பா என்று கேட்காமல் விடுவது

நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். தசை பிடித்தாலும் நரம்பு, தசைநார் சுளுக்கினாலும் நரம்பு, கையில் புடைத்துத் தெரியும் ரத்தக் குழாயும் நரம்பு. அதனால் ஒருவர் உண்மையிலேயே நரம்பைச் சொல்லும்போது நம் காதில் ஏறுவதில்லை.

அன்று என்னிடம் வந்தவர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். இடுப்பிலிருந்து பின்தொடை வழியாக வலி. தொடைத் தசை இறுகியிருக்கிறது என்று நானே முடிவு கட்டி, தினமும் குனிய வைத்தேன். முதுகில் கைவைத்து அழுத்தவும் செய்தேன். மூன்றாவது வாரம் பாதம் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்து வந்தார். இடுப்பு முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துவதாக ஸ்கேனில் தெரிந்தது. நான்கு மாதம் கடைக்குப் போக முடியவில்லை. “நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க தம்பி” என்றார். அது இன்னும் உறுத்துகிறது.

முன்னால் குனியும்போது தட்டின் முன்பக்கம் நசுங்கி, உள்ளிருக்கும் கூழ் பின்பக்கம் தள்ளப்படுகிறது. நரம்பு வேர்கள் இருப்பது அந்தப் பக்கம்தான்.

தசை இழுப்பு தொடையின் நடுவில் இருக்கும், ஆசனத்தை விட்டதும் போய்விடும். நரம்பு வலி பெரும்பாலும் முழங்காலைத் தாண்டி இறங்கும்; சுரீரென்று இருக்கும், எறும்பு ஊரும், மரத்துப்போகும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டச் சொல்லுங்கள். தலையைக் குனிந்தால் கால் வலி கூடி, நிமிர்ந்தால் குறைகிறதா? நரம்பைச் சந்தேகியுங்கள். அப்புறம், ஓர் அசைவில் வலி காலில் இன்னும் கீழே இறங்கினால் அந்த அசைவை உடனே நிறுத்துங்கள். மேலேறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனை.

முதுகுவலி என்றால் எல்லாருக்கும் புஜங்காசனம்

ஓர் ஆச்சி, கோயில் பிரகாரம் சுற்றினால் கால் கடுக்கிறது, உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் விட்டுவிடுகிறது என்றார்கள். தண்டுவடப் பாதை குறுகியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். புஜங்காசனத்தில் செய்வதுபோல இவர்களைப் பின்னால் வளைத்தால் வலி கூடும்.

எலும்பு மெலிந்தவர்களைக் குனிய வைப்பது

வேண்டாம். முதுகெலும்பு நொறுங்கலாம்.

கண் அழுத்த நோய் பற்றிக் கேட்காமல் சிரசாசனம்

முதல் நாளே கேளுங்கள். இருந்தால் தலைகீழ் ஆசனம் எதுவும் கிடையாது.

ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் (செட்டிநாட்டு வீட்டுக் கூடத்தில்) பாய் விரிப்பது

வழவழப்பான தரை, பாய் நழுவும். காயம் உள்ளவரைச் சுவரோரம், நாற்காலியைப் பிடித்து நிற்க வையுங்கள்.

பழனி நடந்து வந்தவர்களுக்கு வஜ்ராசனம்

தைப்பூசம் முடிந்த வாரத்தில் பாதி வகுப்பு முட்டி வீக்கத்தோடுதான் வரும். வலியைச் சொல்லவும் மாட்டார்கள், முருகனுக்கு நடந்தது என்பார்கள். நாமே தொட்டுப் பார்க்க வேண்டும். சூடும் வீக்கமும் வற்றும்வரை, முட்டியை முழுக்க மடக்கி உட்காரும் வஜ்ராசனம், பத்மாசனம் இரண்டும் நிறுத்தம். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி, கணுக்கால் அசைவு மட்டும்.