பிராங்க்ளினைப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

ஆறாம் படிவத்தில் வரலாறு எடுத்திருக்கிறீர்களா, இல்லை பேச்சுப் போட்டிக்கு நல்ல முன்மாதிரி தேடுகிறீர்களா, அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளினைப் படியுங்கள். முதலில் வாட்ஸ்அப்பில் அவர் பெயரில் சுற்றும் பொன்மொழிகளை ஒதுக்கி வையுங்கள். பல அவர் சொன்னதே இல்லை. ‘புவர் ரிச்சர்ட்’ பஞ்சாங்கத்தில் அவரே போட்டவற்றிலும் நிறைய, பழைய தொகுப்புகளிலிருந்து எடுத்துத் தட்டிச் சீராக்கியவைதான்.

காசு கொடுத்துத் தொகுதி வாங்க வேண்டாம். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளம் இலவசம். வீட்டில் லைன் சரியில்லை என்றால் பினாங்கு கிரீன் லேன் டிஜிட்டல் நூலகத்துக்குப் போய் உட்காருங்கள். பெயரை மட்டும் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், அதனால் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

தொடக்கத்துக்கு, அமெரிக்க அரசியலமைப்பை எழுதிய மாநாட்டில் அவர் தந்த 1787 செப்டம்பர் 17ஆம் தேதி உரை போதும். (நம் தீவில் பிரான்சிஸ் லைட் பிரிட்டிஷ் கொடியேற்றி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.) பிராங்க்ளினுக்கு 81 வயது, உடம்பு முடியவில்லை, எழுதி வந்ததை ஜேம்ஸ் வில்சன்தான் வாசித்தார். இந்த அரசியலமைப்பில் எனக்கு ஒப்பாத பகுதிகள் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டு, தன் கருத்தே தப்பாக இருக்கலாம் என்று இறங்கி வந்து, கடைசியில் எல்லாரையும் கையெழுத்துப் போடக் கேட்கிறார். மேசையைத் தட்டிக் கத்துவதுதான் வாதம் என்று நினைக்கும் நம் மேடைப் பேச்சாளர்கள் இதை வாய்விட்டு இரண்டு தடவை படிக்கலாம்.

அப்புறம் கடிதங்கள். தளத்தில் ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே உள்ள குறிப்பைப் பார்க்காமல் எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். 1775 ஜூலை 5 அன்று லண்டன் நண்பர் ஸ்ட்ராஹனுக்கு, இனி நீ என் எதிரி என்று சூடாக எழுதிய கடிதம் ரொம்பப் பிரபலம், ஆனால் அதை அவர் அனுப்பவே இல்லை.

கடைசியாக 1790 மார்ச் அங்கதக் கட்டுரை. அடிமை முறையை ஆதரித்து ஜேம்ஸ் ஜாக்சன் காங்கிரசில் பேசியதை முதலில் படித்துவிடுங்கள், இல்லையென்றால் கிண்டல் பிடிபடாது. ஜாக்சனின் வாதங்களை அப்படியே தூக்கி, கிறிஸ்தவர்களை அடிமையாக வைத்திருக்கும் அல்ஜியர்ஸ் அதிகாரி ஒருவரின் வாயில் வைக்கிறார், அதுவும் புனைபெயரில், சாவதற்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது. அதே பிராங்க்ளின் முன்பு அடிமைகளை வைத்திருந்தவர், அடிமை விற்பனை விளம்பரங்களைத் தன் பத்திரிகையிலேயே அச்சடித்தவர். கட்டுரை எழுதும்போது இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.