உப்பிய போன் பேட்டரியை வீட்டிலிருந்து பத்திரமாக வெளியேற்றுவது எப்படி?

போனின் பின்மூடி ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நின்றாலோ, பவர் பேங்கை மேசையில் வைத்தால் தட்டையாக உட்காராமல் ஆடினாலோ, உள்ளே இருக்கும் லித்தியம் அயன் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்த பழைய போன் ஒன்று அப்படி ஆகி, அதை ஒருவழியாக ஒப்படைத்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "செத்துப்போச்சு" என்று நாம் சொல்லும் பேட்டரி காலியான பேட்டரி இல்லை. வோல்ட்டேஜ் 3 பக்கம் இறங்கியதும் போன் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உள்ளே மிச்சம் இருக்கிற கரண்ட், டெர்மினலில் (கரண்ட் வெளியே வரும் உலோக முனையில்) ஒரு சாவியோ ஊக்கோ உரசினால் சூடேறிப் பற்றிக்கொள்ளப் போதும்.

1. சார்ஜரைப் பிடுங்கி, போனை அணையுங்கள். "கடைசியாக ஒரு தடவை போட்டோவெல்லாம் எடுத்துக்கொள்கிறேன்" என்று மறுபடி சார்ஜ் போட வேண்டாம். உப்பலை அமுக்காதீர்கள், குண்டூசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். அது தீப்பிடிக்கும் வாயு. உள்ளே இருக்கும் லித்தியம் உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும். அது கண்ணையும் நுரையீரலையும் அரிக்கிற நச்சு.

2. பேட்டரி கையால் கழன்று வந்தால் மட்டும் கழற்றுங்கள். இப்போதைய போன்களில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பும் வீடியோக்களைப் பார்த்து யாரும் இறங்க வேண்டாம், பேட்டரியின் மேலுறையான மெல்லிய பை கிழிவது அங்கேதான். போனோடு சேர்த்து அப்படியே கொடுத்துவிடலாம்.

3. பேட்டரியைக் கழற்றியிருந்தால் டெர்மினலை மூடுங்கள். எனக்கு அதிகம் குழப்பம் தந்த இடம் இதுதான். பென்சில் பேட்டரியில் இரண்டு முனையும் தெரியும், போன் பேட்டரியில் எது டெர்மினல்? பழைய மாடலில் ஒரு விளிம்பில் மூன்று நான்கு பொன்னிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும், புதியவற்றில் நாடா போன்ற ஒயரின் நுனியில் சின்ன கனெக்டர் இருக்கும். அதைத்தான் டேப்பால் மூட வேண்டும். ஒரு பேட்டரிக்கு ஒரு ஜிப் கவர், ஒரே கவரில் நாலைந்தைத் திணிக்கக் கூடாது. டேப் என்றால் எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப்தான் என் தேர்வு. செல்லோடேப் நம் ஊர் வெயிலில் பசை காய்ந்து கழன்றுவிடுகிறது. உப்பிய பேட்டரியில் டேப்பை இழுத்து இறுக்கவும் கூடாது, மேலாக ஒட்டினால் போதும்.

4. கொடுக்கும் வரை வைக்க ஒரு இடம். ஒரு மண்சட்டியில் காய்ந்த மணலைப் போட்டு, அதில் வைத்து, மூடியை இறுக்காமல் லேசாக வையுங்கள். சமையலறையும் கேஸ் சிலிண்டர் பக்கமும் வேண்டாம், வெயில் படாத பால்கனி மூலை நல்லது. குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

5. ஒப்படைப்பது. அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர், இல்லாவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்த மறுசுழற்சி நிறுவனம். போவதற்கு முன் போன் செய்து "உப்பியதை வாங்கிக்கொள்வீர்களா?" என்று அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள். நான் போன ஒரு இடத்தில் சாதாரணப் பேட்டரி என்றால் சரி, இது வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூரியரில் போடாதீர்கள், பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றத் தடை இருக்கிறது. எடுத்துப்போகும்போது வெயிலில் நிற்கும் ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியிலும் வைக்காதீர்கள்.

குப்பைத் தொட்டியில் ஏன் போடக் கூடாது என்று சிலர் கேட்கிறார்கள். குப்பை லாரி குப்பையை நசுக்கித்தான் ஏற்றுகிறது. நசுங்கிய பேட்டரி பற்றினால் பக்கத்தில் நிற்பது தூய்மைப் பணியாளர். அவர் வெறுங்கையோடு நிற்கிறார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சட்டமும் இதையே சொல்கிறது: 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டியது வாங்கியவரின் பொறுப்பு, திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்ய வைப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. பேட்டரி மேல் குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருப்பது அதற்குத்தான்.

பின்சேர்க்கை: பேட்டரியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கரண்டை இறக்கிவிடலாமா என்று கமென்ட்டில் பலர் கேட்டிருந்தீர்கள். வீட்டில் வேண்டாம். டெர்மினல் அரித்து, உள்ளே கரண்ட் இருக்கும்போதே வெளியில் காலியானதுபோல் காட்டும். அதோடு அந்தத் தண்ணீரும் கழிவாகிவிடும், அதை எங்கே ஊற்றுவீர்கள்?

புகை வந்தால்? எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டு 101-ஐ அழையுங்கள். போன் அளவுப் பேட்டரிதான், பிளக்கில் இல்லை, தள்ளி நிற்க இடமும் இருக்கிறது என்றால் நிறையத் தண்ணீர் ஊற்றலாம், சூட்டைத் தணிப்பது தண்ணீர்தான்.

கொசு பேட்டில் இருக்கும் பேட்டரியை என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருந்தார், நல்ல கேள்வி. பல கொசு பேட்டிலும் எமர்ஜென்சி விளக்கிலும் இருப்பது சின்ன ஈய பேட்டரி, பழைய டிரிம்மர், கார்ட்லெஸ் போனில் நிக்கல் கேட்மியம். இவை உப்பாவிட்டாலும் விஷம்தான்: ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கேட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கும், எலும்பையும் பலவீனமாக்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்களுக்கு வந்த, எலும்பு பலவீனமாகி உடையும் இதாய் இதாய் நோய் சுரங்கக் கழிவில் இருந்த கேட்மியத்தால் வந்ததுதான். காயலான் கடையில் எடைக்குப் போட்டால் யாரோ ஒருவர் அதை உடைத்து உருக்குவார். அதனால் ஈயம் இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், விலையும் குறையும். கொசு பேட்டை எலெக்ட்ரானிக் கழிவு எடுக்கும் இடத்தில் முழுசாகக் கொடுங்கள்.