கிராஃபைட் கட்டி கட்டியாக உதிர்கிறதா? எனக்குச் சரியாக வந்த விதம்

கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். கிராஃபைட்டிலிருந்து கிராஃபீன் (ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் ஏடு) பிரிவதை அவர்களுக்குக் காட்ட ஆசை. ஆனால் கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றிப் பிரிக்கும் ஹம்மர்ஸ் முறைக்கு அடர் கந்தக அமிலமும் பெர்மாங்கனேட்டும் வேண்டும், வகுப்பில் அதைத் தொடவே மாட்டேன். அதனால் கரைசலில் மின்சாரம் செலுத்திப் பிரிக்கும் மின்வேதி முறை: லிட்டர் தண்ணீருக்கு 13 கிராம் அம்மோனியம் சல்பேட், 10 வோல்ட் டி.சி., நேர்முனையில் கிராஃபைட்.

முதலில் வைத்த பழைய பேட்டரியின் கார்பன் கம்பி ஏடாக உரியாமல் கட்டியாகவே கொட்டியது. அது தூளைப் பிணைத்து அழுத்திச் செய்தது, அப்படித்தான் உதிரும். பென்சிலில் களிமண் கலந்திருக்கும், அதுவும் வேண்டாம். கோயம்புத்தூரில் கேஸ்கட் கடைகளில் கிராஃபைட் ஷீட் கிடைக்கிறது, உள்ளே உலோகத் தகடு இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் எடுத்ததும் 10 வோல்ட் வைக்காமல், சில நிமிடம் 2 வோல்ட்டில் விட்டு, அடுக்குகளுக்குள் கரைசல் ஊறிய பிறகு ஏற்றினேன். சல்பேட் அயனியும் நீரும் உள்ளே புகுந்து வாயுவாகி அடுக்குகளைத் தள்ளுகின்றன, ஷீட் உப்பி மெல்லிய செதில்களாகப் பிரிந்தது, பிள்ளைகள் கரைசலை விட்டு நகரவே இல்லை!

வடிகட்டி, உப்புப் போகும்வரை கழுவி, பாத்திரம் கழுவும் சோப்பு நீர் கொஞ்சம் விட்டு மிக்சியில் அடித்தேன் (2014-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரிக் குழு சமையலறை பிளெண்டரிலேயே கிராஃபைட்டை உரித்துக் காட்டியது). அந்த மிக்சியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். ஒரு ராத்திரி தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள், அதில் பெரும்பாலும் பல அடுக்குச் செதில்கள்தான் இருக்கும்.

சமையல் உப்பு மட்டும் போடாதீர்கள், குளோரின் வரும். எதிர்முனையில் ஹைட்ரஜன் வருவதால் ஜன்னல் திறந்திருக்கட்டும்.