வைஃபை மாற்றும்போது லினக்ஸ் லேப்டாப்பில் செய்யக்கூடாதவை

போன வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் லேப்டாப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "அண்ணா, வீட்டில் நன்றாக ஓடுகிறது. இங்கே வைஃபை சேர்கிறது, ஐபி முகவரியும் வருகிறது. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை" என்றார். டெர்மினலில் ஹிஸ்டரியைப் புரட்டிப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் நான் அடித்த அதே கட்டளை அங்கே இருந்தது. அதற்கு முந்தைய மாதம் இன்னொருவர் லேப்டாப்பிலும் அதையேதான் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடவுச்சொல்லைத் தப்பாக அடிப்பது, வைஃபை பொத்தானை அணைத்துவிட்டுத் தேடுவது, ஃபர்ம்வேர் போடாமல் விடுவது, இவற்றையெல்லாம் இங்கே தொடவில்லை. அவை அந்த நிமிடமே தெரிந்துவிடும். நான் சொல்ல வருபவை, செய்த அன்றைக்கு நன்றாக வேலை செய்து, இடம் மாறியதும் காலை வாரிவிடும் தவறுகள். ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் பொருந்துவதை மொத்த லேப்டாப்புக்கும் சேர்த்து எழுதிவைப்பதுதான் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

ரிசால்வ்.கான்ஃப் கோப்பைப் பூட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்ற எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்பதை, இடிசி அடைவிலுள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பைப் பார்த்துத்தான் நிரல்கள் தெரிந்துகொள்கின்றன. புதிய வைஃபையில் சேரும்போதெல்லாம் அந்த நெட்வொர்க், முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி வழியாகத் தன் டிஎன்எஸ் முகவரியைக் கொடுக்கும். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் சேவை அதைக் கோப்பில் எழுதும். இது முறையான ஏற்பாடு.

புதியவர் என்ன செய்கிறார்? வீட்டில் டிஎன்எஸ் மந்தமாக இருக்கிறது என்று கோப்பைத் திறந்து 8.8.8.8 என்ற கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியை எழுதுகிறார். மறுபடி சேர்ந்ததும் அந்த வரி காணாமல் போகிறது. திரும்ப எழுதுகிறார், திரும்பப் போகிறது. கடைசியில் யாரோ சொல்லக் கேட்டு, சிஎச்அட்டர் கட்டளையால் கோப்புக்கு 'ஐ' என்ற கொடியை ஏற்றிவிடுகிறார். அதன்பின், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரே நினைத்தாலும், கொடியை இறக்காமல் அந்தக் கோப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்.

அப்புறம்தான் வினை. உள்நுழைவுப் பக்கம் காட்டும் பொது வைஃபைகளில் பல, நீங்கள் உள்நுழையும் வரை வெளி டிஎன்எஸ் சர்வர்களைத் தொடவிடாது. உங்கள் லேப்டாப்போ வெளி சர்வரை மட்டுமே கேட்கும். எனவே உள்நுழைவுப் பக்கமே வராது. அலுவலகத்தில் உள் சர்வர்களின் பெயர்கள் அங்குள்ள டிஎன்எஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியும், 8.8.8.8-க்குத் தெரியாது. வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய விபிஎன் போட்டாலும் இதே கதைதான். சுரங்கம் திறந்திருக்கும், உள்ளே இருக்கும் எந்தப் பெயரும் கிடைக்காது.

வீட்டு ரவுட்டரின் முகவரியை முதல் வரியிலும் பொது டிஎன்எஸ்ஸை இரண்டாம் வரியிலும் எழுதிப் பூட்டியவர்கள் நிலை இன்னும் மோசம். லினக்ஸில் பெயர் தேடும் நூலகம் முதல் சர்வருக்காக 5 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கும். வெளியிடத்தில் அந்த முதல் முகவரியில் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. ஒவ்வொரு புதுப் பெயருக்கும் 5 விநாடி வீணாகப் போகும். ஒரு செய்திப் பக்கம் இருபது பெயர்களைக் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பக்கம் ஊர்ந்துதான் வரும். "சிக்னல் சரியில்லை" என்று சொல்லி இடம் மாறி உட்கார்ந்து பார்ப்பார்கள். சிக்னல் முழுசாக இருக்கும்.

எனக்கு இது ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் நடந்தது. இரவில் செய்ய வேண்டிய ஒரு சர்வர் மாற்றம். ஆறு பேர் காத்திருந்தார்கள். வைஃபையில் சேர்ந்தேன், ஐபி வந்தது, உள் சர்வரின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. அவர்கள் நெட்வொர்க்கில்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னேன். அவர்களுடைய ஆள் ரவுட்டரை இரண்டு முறை மறுதொடக்கம் செய்தார். நான் டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். நான்கு மணி நேரம் போனது, வேலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. கோப்பைப் பூட்டி ஏழெட்டு மாதம் ஆகியிருந்ததால், பூட்டியதே எனக்கு நினைவில் இல்லை. அந்த ஆளிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன்.

இதில் என்னை எரிச்சல்படுத்துவது, வெளியே எந்த அடையாளமும் தெரியாததுதான். வழக்கமான எல்எஸ் கட்டளையில் கோப்பின் அனுமதிகள் ரூட் எழுதலாம் என்றே காட்டும். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் சேவையான நெட்வொர்க் மேனேஜர் எழுத முயன்று தோற்றால், பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடும். எல்எஸ்அட்டர் கட்டளை போட்டால் மட்டும் வரிசையாகக் கோடுகளும் நடுவில் ஓர் 'ஐ'யும் தெரியும். அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே தோன்றாது.

சிஸ்டம்டி-ரிசால்வ்டி என்ற பெயர் தேடும் சேவை ஓடும் கணினிகளில் இன்னொரு சிக்கல். அங்கே ரிசால்வ்.கான்ஃப் பெரும்பாலும் வெறும் குறியீட்டு இணைப்பு. ரன் அடைவிலுள்ள ஒரு கோப்பைக் காட்டும், உள்ளே 127.0.0.53 என்ற அந்தச் சேவையின் முகவரி இருக்கும். இணைப்பின் மேல் சிஎச்அட்டர் வேலை செய்யாது. உடனே சிலர் இணைப்பை அழித்துவிட்டு, அதே பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, அதைப் பூட்டுகிறார்கள். இப்போது கொடியை இறக்கினால் மட்டும் போதாது, இணைப்பையும் பழையபடி போட வேண்டும்.

சரி, வீட்டில் மட்டும் வேறு டிஎன்எஸ் வேண்டும் என்றால்? கோப்பை எழுதுபவரிடம் சொல்லுங்கள், கோப்பைத் தொடாதீர்கள். நெட்வொர்க் மேனேஜரில் ஒவ்வொரு வைஃபைக்கும் தனி விவரக்குறிப்பு உண்டு. வீட்டு வைஃபையின் குறிப்பில் மட்டும், தானாக வரும் டிஎன்எஸ்ஸை ஒதுக்கச் சொல்லி, வேண்டிய முகவரியைக் கொடுங்கள். ஐபிவி4 பகுதியில் செய்துவிட்டு ஐபிவி6 பகுதியை மறந்துவிடாதீர்கள். மறந்தால் ரவுட்டரின் டிஎன்எஸ் அந்த வழியாக உள்ளே வந்துவிடும். நெட்வொர்க் மேனேஜருக்குப் பதில் டிஎச்சிபிசிடி என்ற நிரலைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் கான்ஃபிக் கோப்பில் வைஃபை பெயர் குறித்து ஒரு பகுதி எழுதலாம், அதன் கீழே வருபவை அந்த வைஃபைக்கு மட்டுமே செல்லும்.

சந்தேகம் வந்தால் முதலில் கேட்வே (ரவுட்டர்) எண்ணுக்குப் பிங் போடுங்கள், அப்புறம் வெளியே ஓர் எண்ணுக்கு, அப்புறம் ஒரு பெயருக்கு. எண் போய்ப் பெயர் போகவில்லை என்றால் டிரைவரையும் ரவுட்டரையும் விட்டுவிட்டு டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்.

ஒரே வைஃபை அட்டையை இரண்டு சேவைகளிடம் கொடுப்பது

சேர்கிறது, சில விநாடிகளில் அறுகிறது, மறுபடி சேர்கிறது. இப்படி ஆடினால் இரண்டு சேவைகள் ஒரே அட்டைக்குச் சண்டை போடுகின்றனவா என்று பாருங்கள். நெட்வொர்க் மேனேஜர் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். அது தெரியாமல், வைஃபையில் சேர்க்கும் நிரலான டபிள்யூபிஏ சப்ளிகண்டைக் கையால் ஓட்டியிருப்பார்கள். அல்லது அதே வேலையைச் செய்யும் ஐடபிள்யூடியைச் சோதித்துப் பார்த்துவிட்டு நிறுத்த மறந்திருப்பார்கள்.

ஓடும் நிரல்களின் பட்டியலில் சப்ளிகண்ட் தெரிவதாலேயே தப்பு என்று எண்ணிவிடாதீர்கள். நெட்வொர்க் மேனேஜரே பல கணினிகளில் அதைத்தான் வேலைக்கு வைத்துக்கொள்கிறது. கட்டளை வரியைப் பாருங்கள். அட்டையின் பெயரும் ஒரு கான்ஃபிக் கோப்பின் பாதையும் அங்கே இருந்தால், அநேகமாக அது கையால் தொடங்கியது. இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை முடக்குங்கள். இப்போதைக்கு நிறுத்தினால் போதாது, அடுத்த பூட்டிலும் எழக்கூடாது.

செலக்ட் நெட்வொர்க், அப்புறம் சேவ் கான்ஃபிக்

சப்ளிகண்டைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபிஏ சிஎல்ஐ-யில் வேறு வைஃபைக்கு மாற செலக்ட் நெட்வொர்க் என்று அடிக்கிறோம். மாறிவிடுகிறது. அது நீங்கள் சொன்னதைத் தேர்ந்தெடுப்பதோடு நிற்பதில்லை, பட்டியலில் உள்ள மற்ற எல்லாவற்றையும் முடக்கிவிடுகிறது. அந்த நிலையில் சேவ் கான்ஃபிக் கொடுத்தால், கோப்பில் எழுத அனுமதி தந்திருக்கும்பட்சத்தில், மற்ற ஒவ்வொரு நெட்வொர்க்கின் கீழும் முடக்கப்பட்டது என்ற வரி ஏறிவிடும். மாலையில் வீட்டுக்குப் போனால் வீட்டு வைஃபையில் சேராது. கோப்பில் நீங்கள் எழுதிவைத்த குறிப்பு வரிகளும் அந்தச் சேமிப்பிலேயே அழிந்துவிடும்.

எனேபிள் நெட்வொர்க் ஆல் என்று கொடுத்துவிட்டுச் சேமித்தால் சரியாகும். எதில் முதலில் சேர வேண்டும் என்பதைச் சொல்ல பிரையாரிட்டி எண் இருக்கிறது, பெரிய எண்ணுக்கு முன்னுரிமை. இதை ஒருமுறை எழுதிவிட்டால் கையால் மாற்றும் தேவையே பெரும்பாலும் வராது.

லினக்ஸ் அல்லாமல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கும் இதேபோல ஒன்று. ஹோஸ்ட்நேம் கோப்பில் என்விட் என்று எழுதினால் அந்த ஒரே பெயரோடு நின்றுவிடும். 2018-இல் வந்த 6.4 பதிப்பிலிருந்து ஜாயின் இருக்கிறது. வரிக்கு ஒரு வைஃபையாக எழுதிவிடுங்கள், அருகில் இருப்பதில் அதுவே சேர்ந்துகொள்ளும்.

நிலையான ஐபி முகவரி

லேப்டாப்பில் எழுதாதீர்கள். வீட்டு ரவுட்டரில் ஒதுக்குங்கள். ரவுட்டர் வைஃபை அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்துத்தான் ஒதுக்கும் என்பதால், அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் மேக் முகவரி மாறாமல் இருக்கட்டும்.

கேபிளைச் செருகிவைத்தபடி வைஃபையை மாற்றுவது

நெட்வொர்க் மேனேஜரில் வழியின் முன்னுரிமை எண்ணான மெட்ரிக், இயல்பாகக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600. சிறிய எண்தான் முதலில், அதனால் வைஃபையை மாற்றினாலும் எல்லாம் கேபிள் வழியாகவே போகும். கேபிளைப் பிடுங்குங்கள்.

சான்றிதழைச் சரிபார்க்காமல் அலுவலக வைஃபையில் சேர்வது

பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நிறுவன வைஃபைகளில், எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று சான்றிதழை வைத்துத்தான் லேப்டாப் அறிகிறது. அது தொல்லை கொடுக்கிறது என்று சான்றிதழ் தேவையில்லை என்ற பெட்டியில் டிக் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் அதே பெயரில் யார் ஒரு வைஃபை வைத்தாலும் உங்கள் லேப்டாப் அங்கே போய் உள்நுழைய முயலும், அலுவலகக் கடவுச்சொல்லைக் கறக்க அதுவே போதும். சான்றிதழ் கோப்பைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், சர்வரின் பெயரையும் குறிப்பிடுங்கள். தர மறுத்தால் விடாமல் கேளுங்கள். சான்றிதழ் சரியாக இருந்தும் சேரவில்லை என்றால், கணினியின் கடிகாரம் சரியான தேதியைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கடவுச்சொல் இல்லாத வைஃபையைப் பட்டியலிலேயே விட்டுவைப்பது

பயன்படுத்தி முடித்ததும் அழியுங்கள்.

பக்கத்தில் இருந்தும் கண்ணில் படாத வைஃபை

போன் காட்டுகிறது, லேப்டாப் காட்டவில்லை என்றால், ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கலாம். லேப்டாப்பின் நாட்டுக் குறியீடு அந்தச் சேனல்களை அனுமதிக்காத நாடாக இருந்தால் அவை தெரியாது. ஐடபிள்யூ ரெக் கெட் என்று அடித்தால் எந்த நாடு என்று காட்டும். நீங்கள் இருக்கும் நாட்டையே அமையுங்கள், வேறு எதையும் அல்ல.

என்எஃப்எஸ் அடைவை அவிழ்க்காமல் கிளம்புவது

என்எஃப்எஸ் என்பது வேறொரு கணினியின் அடைவை நெட்வொர்க் வழியாக இங்கே இணைக்கும் முறை. நெட்வொர்க் மாறியதும், வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை அப்படியே உறைந்து நிற்கும். கிளம்பும் முன் அன்மவுன்ட் செய்யுங்கள்.