பிடிவாதம் பழக்கமாகுமுன்: பெற்றோருக்கான தொடக்கப் பயிற்சி

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்றில் மூன்று வயதுக் குழந்தை சொக்லேட் கேட்டு நிலத்தில் விழுந்து அழுகிறது. சுற்றி நிற்பவர்கள் பார்ப்பதால் அம்மா வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அழுதால் கிடைக்கும் என்று குழந்தையும், கொடுத்தால் அழுகை ஓயும் என்று அம்மாவும் அந்த நிமிடத்தில் கற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் குடும்பங்களை அவர்களின் வீடுகளிலேயே அவதானித்த உளவியலாளர் ஜெரால்ட் பெட்டர்சன் விளக்கிய சுழல் இதுவே. முன்பள்ளி வயதிலேயே இதை அவிழ்ப்பது எளிது.

முதற்படி கண்டிப்பு அல்ல, விளையாட்டு. 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பயிற்சியில், பெற்றோர் நாள்தோறும் ஐந்து நிமிடம் குழந்தையின் போக்கிலேயே விளையாட வேண்டும். கைத்தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுத் தரையில் அமருங்கள். கட்டளையும் கேள்வியும் குறைகூறலும் வேண்டாம். "சிவப்புக் கட்டையை மேலே வைக்கிறீங்கள்" என்று குழந்தை செய்வதைச் சொன்னாலே போதும். கேள்வி கேட்காமல் இருப்பதுதான் நம் பெற்றோருக்கு மிகக் கடினம் என்பதால், முதல் வாரம் முழுவதையும் இதற்கே கொடுங்கள்.

அடுத்து, பாராட்டு. "நல்ல பிள்ளை" என்பது எதற்கென்று குழந்தைக்கு விளங்காது. "தம்பிக்குப் பந்தைக் கொடுத்தீங்கள், எனக்குச் சந்தோஷம்" என்பது விளங்கும்.

மூன்றாவதாக, கட்டளையை அருகில் சென்று, கண்ணைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றாகச் சொல்லிச் சில விநாடிகள் காத்திருங்கள்.

இவை பழகிய பின்னரே சிணுங்கலையும் அடம்பிடிப்பையும் பாராமுகமாக விடத் தொடங்க வேண்டும். அடிப்பது, கடிப்பது, வீதிக்கு ஓடுவது போன்றவற்றை ஒருபோதும் அப்படி விடக்கூடாது. உடனே தடுக்க வேண்டும். பாராமுகமாக விட்டதும் அழுகை முதலில் கூடும். பழைய வழி ஏன் பலிக்கவில்லை என்று குழந்தை இன்னும் உரக்க முயல்கிறதே தவிர, நீங்கள் தவறு செய்யவில்லை. அந்தக் கட்டத்தில் இரங்கிக் கொடுத்தால், உரக்க அழுதால்தான் கிடைக்கும் என்ற பாடம் பதிந்துவிடும். அழுகை ஓய்ந்தவுடன் குழந்தையிடம் திரும்பி அன்பாகப் பேசுங்கள். அடியும் மிரட்டலும் இப்பயிற்சியில் எந்த இடத்திலும் இல்லை.

தொடர்மாடி வீட்டில் அழுகை அடுத்த வீட்டுக்கும் கேட்கும் என்பதால், தொடங்கும் முன்பே அயலவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அம்மம்மா இரக்கப்பட்டு ஒளித்து இனிப்புக் கொடுத்தால் பயிற்சி குலைந்துவிடும். ஆகவே முதல் நாளே அவரையும் அருகில் இருத்திப் பேசி, அழுகை ஓய்ந்தபின் குழந்தையை அணைத்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.