பூட்டிய வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள்: கருத்துக்கணிப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தேர்தல் நெருங்கினால் கேரளத்துப் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் கருத்துக்கணிப்பு எடுக்க டேப்லெட்டும் கையுமாகச் சில பிள்ளைகள் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி என்று தமிழ் பேசும் ஊர்களுக்குத் தமிழ் தெரிந்த ஆட்கள் வேண்டுமே. ஊர்க்காரர்கள் அவர்களை நம்புவதில்லை. "காசு வாங்கிட்டு டிவியில எப்படியும் ஒண்ணு போடப் போறீங்க, எங்களை எதுக்குங்க கேக்கறீங்க?" என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சந்தேகத்தில் பாதி டிவி ஸ்டுடியோவில் உண்டாவது, அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. மீதியை உண்டாக்குவது வாசற்படியில் நிற்கும் நாம்தான். அடையாள அட்டை மாட்டு, சார்ஜ் போட்டுக்கொண்டு போ என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிட்டு, புதிதாக வருபவர்கள் வாசலில் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கட்சிக்காரர் பைக்கில் ஏறிப் போவது

நடந்து போங்கள்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு

ஒழுங்கான கணிப்பில் வாக்காளர் பட்டியலிலிருந்து குறிப்பிட்ட இடைவெளி விட்டுப் பெயர்களை எடுத்துத் தருவார்கள். அந்த ஆளைத்தான் பார்க்க வேண்டும். புதிதாக வருபவர்கள் என்ன செய்கிறார்கள்? வீடு பூட்டியிருக்கிறது, சரி, பக்கத்து வீட்டு அம்மா சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார் என்று அவரிடம் கேட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தப் பக்கத்து வாழ்க்கையைக் கொஞ்சம் யோசியுங்கள். கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் காலை பஸ்ஸில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. கள் இறக்குகிறவர் காலையும் சாயங்காலமும் தோப்பில். நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் வாய்க்கால் கரையில். பகல் பதினொரு மணிக்குத் திறந்திருக்கும் கதவுக்குள் யார் இருப்பார்கள்? பென்ஷன் வாங்கும் பெரியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான். திறந்த கதவாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனால், உழைக்கப் போகிற ஊரே கணக்கில் இல்லாமல் போய்விடும்.

ஒரு தம்பி மதியச் சாப்பாட்டுக்குள் அன்றைய படிவம் முழுவதையும் முடித்துக்கொண்டு வந்து நின்றான். முகத்தில் அவ்வளவு பெருமை. டேப்லெட்டைத் திறந்து வரைபடத்தைப் பார்த்தால், ஜிபிஎஸ் புள்ளிகள் எல்லாம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைமேல் ஈ மொய்த்த மாதிரி அப்பிக்கிடக்கின்றன.

"எல்லாரும் அங்கதானே அண்ணா வர்றாங்க. வீடு வீடா எதுக்கு அலையணும்?"

"பொம்பளைங்க எங்கடா?"

"டீக்கடை அக்காகிட்ட கேட்டனே அண்ணா."

மொத்தப் படிவமும் வீண். மறுபடி ஆள் அனுப்பினால், "காலைலயே இவனுககிட்ட சொல்லியாச்சு, மறுபடியும் என்ன?" என்று டீக்கடையில் சொன்னவர்கள் முறைக்கிறார்கள். இதை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது. ஏனென்றால் ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது ஒருவர் இதே வேலையைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்.

ஆபீஸில் உட்கார்ந்து வயது, ஆண் பெண் விகிதத்தைச் சரிக்கட்டிவிடலாம் என்பார்கள். ஓரளவுதான் முடியும். டீக்கடை அக்காவின் பதிலை எத்தனை மடங்கு பெருக்கினாலும் வாய்க்கால் வேலைக்குப் போன பெண்ணின் பதில் வராது. ஆயிரம் பேரைக் கேட்டால் பிழை சுமார் 3 விழுக்காடு என்று டிவியில் அடியில் ஓடுகிறதே, அந்தக் கணக்கு யாரைக் கேட்பது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தால்தான் பொருந்தும். நம் கால் வலி முடிவு செய்தால் பத்தாயிரம் பேரைக் கேட்டும் பயனில்லை.

ஆகவே ஆள் இல்லையென்றால் இரவு ஏழரைக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்றே குறியுங்கள். கதவைச் சாத்தினால் 'மறுத்தார்' என்று குறியுங்கள். மறுக்கிறவர்கள் பல நேரம் ஒரே மாதிரி ஆட்கள். "ஏதாச்சும் சொல்லி பென்ஷன் நின்னுபோச்சுன்னா யாருப்பா குடுப்பா?" என்று உள்ளே போய்விடும் பாட்டிக்கும் ஒரு ஓட்டு உண்டு. அவருக்குப் பதில் வாயாடி ஒருவரைப் போட்டு நிரப்பினால், பயந்தவர்கள் இருந்த தடமே அழிந்துவிடுகிறது.

யாருக்கு ஓட்டு என்று வாய்விட்டுக் கேட்பது

பின்னால் மாமியார் நிற்பார், ஜன்னலில் வார்டு மெம்பரின் தம்பி எட்டிப் பார்ப்பார். சின்னம் அச்சடித்த மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். நீங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். பெட்டியை அங்கேயே திறந்து பார்க்கிற புத்திசாலிகளும் உண்டு.

மலையாளப் படிவத்தை அப்படியே வாசிப்பது

தமிழ்ப் படிவம் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் சண்டை போடுங்கள்.

ஓட்டைக் கேட்டுவிட்டு சீட்டைச் சொல்வது

"எத்தனை சீட்டுங்க வரும்?" என்று கேட்பார்கள். வாயைத் திறக்காதீர்கள். நாம் எடுப்பது ஓட்டுக் கணக்கு, ஜனங்கள் கேட்பது சீட்டுக் கணக்கு. ஆந்திராவில் 2024-ல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு 39 விழுக்காடு ஓட்டு விழுந்தது, 175-ல் கிடைத்தது 11 இடம். 2019-ல் அதே கட்சிக்குக் கிட்டத்தட்ட 50 விழுக்காடு ஓட்டு, 151 இடம். கேரளத்தில் 2011-ல் இரண்டு அணிக்கும் ஓட்டு வித்தியாசம் ஒரு விழுக்காடுகூட இல்லை, இடங்கள் 72-க்கு 68 என்று முடிந்தது. நம் சித்தூர் அடங்கிய ஆலத்தூர் தொகுதியையே பாருங்கள்: 2024 மக்களவைத் தேர்தலில் 20-ல் 18 இடம் ஐக்கிய ஜனநாயக முன்னணிக்குப் போனபோது இடதுசாரிகளுக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான். அதே தேர்தலில் பெரும்பாலான எக்ஸிட் போல்கள் (ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களிடம் கேட்டு எடுக்கும் கணிப்புகள்) தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன, வந்தது 293. அதன் பிறகு நம்மை வாசலில் நிறுத்துகிறவரிடம் கோபித்துக்கொள்ள முடியுமா?

வாட்ஸப்பில் கசியவிடுவது

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் கருத்துக்கணிப்பு முடிவை டிவியில் காட்டக் கூடாது. எக்ஸிட் போலுக்கு இன்னும் கடுமை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவுப்படி கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை எந்த வழியிலும் பரப்பக் கூடாது. 2024-ல் பொள்ளாச்சி மச்சான் ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டார், நாம் 26-ல் போட்டோம், ஆனால் ஜூன் 1 மாலை ஆறரை வரை பேச்சே கிடையாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "ஃபேமிலி குரூப்ல மட்டுந்தான் போட்டேன் அண்ணா" என்பதெல்லாம் அங்கே எடுபடாது.