வளைகாப்புப் பெட்டியில் வைக்க வேண்டிய சீட்டுகள்: கர்ப்பகால இரத்தக் கொழுப்பும் இரத்த அழுத்தமும்

திருப்பூரிலோ கோவையிலோ மாதாமாதம் பரிசோதனைக்குச் சென்றுவந்த பெண், வளைகாப்பு முடிந்து கோபிக்கோ பொள்ளாச்சிக்கோ தாய்வீடு புறப்படும்போது, பட்டுப்புடவைக்கு மேலே பழைய சீட்டுகள் அனைத்தையும் தாய்-சேய் நல அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். புதிய ஊர் மருத்துவருக்கு இன்றைய அளவு மட்டும் போதாது. முன்பு எவ்வளவு இருந்தது என்பதும் தெரிய வேண்டும்.

இரத்தக் கொழுப்பு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பார்க்கப்படுவதில்லை. பார்த்திருந்தால், சீட்டில் 'அதிகம்' என்றிருப்பதைக் கண்டு உடனே கலங்க வேண்டாம். அதில் அச்சிட்டிருக்கும் இயல்பளவு பெரும்பாலும் கர்ப்பமில்லாதவர்களுக்கு உரியது. கடைசி மூன்று மாதங்களில், இரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்காவது இயற்கையே. ஆனால் ப்ரீஎக்லாம்ப்சியா என்னும் கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோய் வரும் பெண்களிடம் அது சராசரியாக மேலும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டுவதால், மருத்துவரிடம் காட்டாமல் மடித்து வைத்துவிடவும் கூடாது. டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினால் கணைய அழற்சி வரக்கூடும். நெய்யை மட்டும் நிறுத்திவிட்டு, சீர்த்தட்டில் வந்த இனிப்பைத் தின்பதால் பயனில்லை. ட்ரைகிளிசரைடைச் சர்க்கரையும் மாவுப்பண்டமும் ஏற்றும். அரிசிம்பருப்புச் சோற்றைக் குறைத்து, பச்சைப்பயறு கடைசலையும் கீரையையும் கூட்டிக்கொள்ளலாம்.

உண்மையில் அஞ்ச வேண்டியது அழுத்தத்துக்கே. படியேறி வந்தவுடன் அளக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்தபின், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இருமுறை அளந்து, தேதியோடும் நேரத்தோடும் எழுதிவைக்க வேண்டும். மேலளவு 140 அல்லது கீழளவு 90 தொட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 160 அல்லது 110 எட்டினாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், வலப்பக்க மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் தோன்றினாலோ, சீரகத் தண்ணீர் வைத்துக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

முந்தைய பேற்றில் ப்ரீஎக்லாம்ப்சியா வந்திருந்தால், 16 வாரத்துக்கு முன்பே தெரிவிப்பது நல்லது. குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்பதை மருத்துவர் அப்போது முடிவு செய்வார். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் முதலிய மாத்திரைகள் எடுத்துவந்தவர்கள், கரு தங்கியது தெரிந்தவுடனே சொல்லிவிட வேண்டும்.

பிரசவத்தோடு ஆபத்து நீங்கிவிடுவதில்லை. குழந்தை பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை அழுத்தம் ஏறுவது வழக்கம் என்பதால், குழந்தை பார்க்க உறவினர் வந்து வீடு நிறைந்திருக்கும் அந்த வாரத்திலும் அதே நோட்டில் அளவைத் தொடர்ந்து எழுத வேண்டும்.